வியாழக்கிழமை வயிறு

என் மகனின் ரத்தம்
என் மேசைக்கு வந்தபோது அதற்குப் பெயரில்லை,
எண் மட்டும்.
அந்த எண்ணை நான் காலையிலேயே
மனப்பாடம் செய்திருந்தேன்.

மாரிபோர் மருத்துவமனையின் அடித்தளத்தில்
பதினோரு வருடமாக
அடுத்தவர் ரத்தத்தைச் சுற்றவிட்டுப் பார்ப்பது என் வேலை.
இயந்திரம் சுழன்று நின்றது.
அழற்சி இல்லை. சோகை இல்லை.
கோதுமை ஒவ்வாமையும் இல்லை.
எல்லாம் அளவுக்குள்.
அந்தச் சொல்லை
ஆயிரம் பேருக்கு நல்ல சேதியாய் அச்சடித்தவள்
அன்றைக்கு
மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்,
கடன் பத்திரம் போல.

நான்காம் மாடியில்
வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்த
டாக்டர் பெர்னார்தா
"இளஞ்சிவப்பு, அழகான வயிறு" என்றார்.
லோவ்ரோ கேட்டான்:
"அழகாக இருந்தால் ஏன் வலிக்கிறது?"
கிண்டல் இல்லை.
கிண்டல் செய்வதானால் அவன்
முன்கூட்டியே அறிவித்துவிடுவான்.

பதினைந்து வயது.
காலை ஆறரைக்குக் குளியலறைத் தரையில்
கன்னத்தை டைலில் வைத்துப் படுத்திருப்பான்.
ஒன்று சூடானதும் அடுத்த டைலுக்கு நகர்வான்.
வாந்தி வரும், வராது.
கழுத்தில் தடிப்பு
எல்லை தெரியாத நாடுபோல் படரும்.
இரவெல்லாம் பல்லைக் கடித்ததில்
கடைவாயில் ஒரு விளிம்பு உடைந்தே போயிற்று.
"பயமா?" என்பேன்.
"இல்லை."
"கவலையா?"
"அது எங்கே இருக்கும்?" என்பான்,
சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்பது போல.
பிறகு, எனக்கு உதவுகிற குரலில்:
"இன்றைக்கு வயிறு வியாழக்கிழமை."

அன்று செவ்வாய்.
நான் தெர்மாமீட்டரைத் தேடினேன்.

உடற்பயிற்சி ஆசிரியர் சொன்னார்,
சனி, ஞாயிறில் மட்டும் குணமாகிற இந்த நோய்
அந்த வயதில் தமக்கும் இருந்ததாம்.
சிரித்தார். நானும் சிரித்தேன்.
இப்போது நினைத்தாலும்
காது சுடுகிறது.

பிப்ரவரியில் பள்ளியில் தண்ணீர்க் குழாய் வெடித்தது.
விளையாட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு வெள்ளம்.
மணிக்குப் போகும் மின்கம்பியும் நனைந்து செத்தது.
ஒன்பது நாள்
ஆசிரியர்கள் "முடிந்தது, போங்கள்" என்று
வாயால் சொன்னார்கள்.
ஒன்பது நாள் பையன் சாப்பிட்டான்,
பக்வீட் கஞ்சி, இரண்டு தட்டு.
கழுத்து வெறும் கழுத்தாக இருந்தது.
பேருந்துக்கு நிற்காமல் திராவா ஆற்றுப் பாலத்தில்
பனியை உதைத்துக்கொண்டே
நடந்து போனான்.
பத்தாம் நாள் குறுஞ்செய்தி:
பெற்றோர் கவனத்துக்கு, மணி சரிசெய்யப்பட்டது.
பதினோராம் நாள்
குளியலறைத் தரை.

நான் ஆய்வுக்கூடத்துக்காரி.
ஒன்றை எடுத்தால் என்ன ஆகும்,
திரும்ப வைத்தால் என்ன ஆகும்,
இதைத் தவிர வேறு ஞானம் எனக்கில்லை.
அதே சோதனை என் வீட்டில்
வாரம் தவறாமல் நடந்திருக்கிறது,
சனிக்கிழமை எடுத்து, திங்கட்கிழமை வைத்து.
நான் கண்ணாடிக் குழாயில் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலை அவன் பக்கத்தில் படுத்தேன்.
என் கன்னத்துக்கும்
அந்தக் குளிர் வேண்டியிருந்தது.
"வியாழக்கிழமை என்றால் என்ன?"
வெகுநேரம் குழாய் சொட்டியது.
"விசில். பந்து.
இருபத்தாறு பேர் ஷூ கீச்சிடும்.
எல்லாம் உள்ளே போய்விடும். வெளியே வர வழி தெரியாது."
"சரி."
"மணி அடிப்பதற்கு முன்பே வயிற்றுக்குத் தெரியும்.
எனக்குத்தான் கடைசியில் தெரியும்."

கடிதங்கள் எழுதினேன். மூன்று கூட்டங்கள்.
மணிக்கு நான்கு நிமிடம் முன்னால்
அவன் வகுப்பைவிட்டுக் கிளம்பலாம் என்றார்கள்.
வியாழன்களில் நூலகம்.
ஆசிரியர் இப்போது சிரிப்பதில்லை,
நம்புகிறாரா தெரியாது.
உடைந்த பல் உடைந்தபடியே இருக்கிறது.

நேற்று கேட்டேன், வயிறு எப்படி என்று.
"ஞாயிறு" என்றான்.
நான் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள்
திருத்தினான்:

"ஞாயிறு சாயங்காலம்."