பூஜ்யம் புள்ளி பூஜ்யம்

நாளுக்கு இருநூற்று நாற்பது கோப்பைத் தேநீர்
வாயில் ஏற்றி வாயிலிருந்தே இறக்குவது என் உத்தியோகம்.
கரண்டியால் சர்ரென்று உறிஞ்சி,
அண்ணத்தில் அடித்து, மூக்கு வரை அனுப்பி,
காலால் தள்ளிக்கொண்டே வரும் தொட்டியில்
துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர்வேன்.
குன்னூரில் ஏலத்துக்கு முந்தைய நாள்
என் நாக்குக்கு விலை உண்டு,
தொண்டைக்குக் கிடையாது.

அதனால்தான் செலஸ்டின் என்னைக் கூப்பிட்டாள்.
பெட்ஃபோர்டு இறக்கத்தில் அவள் பேக்கரி.
கிறிஸ்துமஸ் கேக்கோடு சேர்த்து விற்க
ஆல்கஹால் நீக்கிய ஒயின், ஆறு கம்பெனி, ஆறு புட்டி,
கோயம்புத்தூரிலிருந்து மேலேறி வந்திருந்தது,
பர்லியார் வளைவில் ஒன்று உடைந்து, ஐந்தாக.

மாவு மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம்.
கேக் சொல்ல வந்து மழையில் மாட்டிக்கொண்ட
பெள்ளி மாஸ்டரும் இருந்தார்.
அடுப்பறைக் கதவில் சாய்ந்தபடி
அவள் கொழுந்தன் சுவக்கின்.

முதல் புட்டியில் நிறம் சரி, மணமும் சரி.
வாயில் வைத்தால்
இன்னும் ஒரு படி இருக்கிறதென்று கால் நீட்டி
தரையில் இடித்துக்கொண்ட மாதிரி.
ஓக் மரம் என்று அட்டை சொன்ன இடத்தில்
எனக்குக் கிடைத்தது கடித்த பென்சில்.
நான்காவது மட்டும் பரவாயில்லை,
ஒரு துவர்ப்பு கடைவாயில் உட்கார்ந்து
எழுந்துபோகக் கொஞ்சம் யோசித்தது.

"இது ஒயினே இல்லம்மா," என்றார் பெள்ளி மாஸ்டர்,
இன்னொரு தரம் ஊற்றச் சொல்லிக் கிளாஸை நீட்டியபடி.
"உப்பை எடுத்துட்டா கடலைக் கடல்னா சொல்வாங்க?"

செலஸ்டின் விடவில்லை.
"திராட்சை புளிச்சு, பொங்கி, அடங்கி
ஒயினாத்தான் ஆச்சு மாஸ்டர்.
அப்புறம்தான் ஆவியாக்கி எடுக்கறாங்க.
ரிட்டையர் ஆன உங்களை
இன்னமும் மாஸ்டர்னுதானே கூப்பிடறோம்?"

அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்,
தேவைக்கு மேல், மேசையைத் தட்டி.
காதுமடல் சிவக்க, குரல் உயர்ந்து,
கீழ்க்காட்டுத் தேயிலை இரண்டு ஏக்கரை
ரிசார்ட்காரனுக்கு எழுதிக் கொடுத்ததையும்
வீட்டில் இன்னும் சொல்லாததையும்
பெள்ளி மாஸ்டர் எங்களிடம் சொல்லிவிட்டார்.
புட்டியில் எழுதியிருந்தது
பூஜ்யம் புள்ளி பூஜ்யம்.

என் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள்.
நான் பழக்க தோஷத்தில் துப்பிக்கொண்டிருந்தேன்.
துப்புகிறவளுக்குப் போதை இருந்தால் என்ன, போனால் என்ன?
இருபத்தொரு வருஷம் தேநீர் ருசித்தவள்
தேநீர் குடித்தவளா என்று கேட்டால்
அதற்கே பதில் இல்லை என்னிடம்.

அப்போதுதான் செலஸ்டின், யோசிக்காமல்,
நான்காவதில் கொஞ்சம் ஊற்றிக் கதவுப் பக்கம் நீட்டினாள்.
"நீயும் பாரேன். இதுல ஒண்ணுமே இல்ல."

பதினாலு மாசம் ஆகியிருந்தது அவனுக்கு.
வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.
மூக்குக்குக் கீழே ஒரே ஒரு முறை கொண்டுபோனான்.
எங்கள் தேயிலை அறையில்
அப்படி ஒருவர் மோந்து நான் கண்டதில்லை.
இழுத்த மூச்சைத் திருப்பிக் கொடுக்க
அவனுக்கு வெகு நேரம் பிடித்தது.

"ஒயின்தான் அண்ணி," என்றான்.
கிளாஸை மாவு மேசையில் மெதுவாக வைத்தான்,
சிந்தாமல், குழந்தையைக் கிடத்துகிறவன் மாதிரி.
ஸ்வெட்டர் கூட எடுக்காமல்
பின்கதவு வழியே மழைக்குள் போனான்.

செலஸ்டின் கை மூடியைத் திருகியது,
மூடிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தது.
நான் அவன் கிளாஸை எடுத்து
அன்று முதல் தடவையாக விழுங்கினேன்.
தொண்டை ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டில், தேயிலைக்கு எழுதுகிற மாதிரியே எழுதினேன்:
எண் நான்கு. நிறம் நன்று. கனம் குறைவு.
பின்சுவை என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து எடுத்ததில்
ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

"மீதியை என்ன பண்றது?" என்றார் பெள்ளி மாஸ்டர்.
மழை தகரத்தில் பலமாக இருந்ததால்
கேட்காத மாதிரி இருந்துவிட்டோம்.