சைபராவது அறை

ஃபஹாஹீலில், சலூனுக்கு மேலே இரண்டாம் மாடி.
ஏசி சொட்டும் வாளியை
மணிக்கொரு தரம் யாராவது கொட்டிவிட்டு வரவேண்டும்.
இன்று என் முறை.

முப்பத்தோரு விடைகள்.
ஒன்றுக்கு இருநூற்றைம்பது ஃபில்ஸ் வீதம்
ஏழே முக்கால் தினார்.
கேள்வி சின்னது:
ஏழு நாளின் ஓவர்டைம் மணிகள் ஓர் அணியில் இருக்கின்றன,
கூட்டிச் சொல்.

பாதிப் பேர் பக்கத்துத் திரையைப் பார்த்து எழுதியவர்கள்.
எழுத்துப் பிழைகூட
சேதாரமில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது.
ஒருவன் ஏழோடு நிற்காமல்
எட்டாவது அறையின் கதவையும் தட்டியிருக்கிறான்.
அங்கே எவருடைய குப்பையோ கிடந்தது, பத்து இலக்கத்தில்.
அவ்வளவு ஓவர்டைமுக்குக்
கம்பெனியையே விற்றாலும் காணாது.
சிரித்தபடியே இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

இருபத்து நான்காவது, தவசிலிங்கம்.
சாரம் கட்டுகிறவர்.
என்னை மிஸ் என்பார், நான் அவரை அண்ணாச்சி என்பேன்.
இந்த வகுப்பில் இரண்டும் செல்லும்.

நிரல் பார்க்கவே அழகு.
அடைப்புக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாய்
தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த மாதிரி.
மற்றவர்கள் எக்ஸ், ஒய் என்று தப்பித்த இடத்தில்
இவர் பெயர் வைத்திருக்கிறார்:
நாள். மணி. மொத்தம்.

முதல் சோதனை பச்சை.
இரண்டாவது பச்சை, மூன்றாவதும்.
நான்காவது சிவப்பு.
வரவேண்டியது இருபத்தாறு, வந்தது பதினெட்டு.

சுழற்சி ஒன்றில் தொடங்குகிறது.
முதல் மாதத்தில் எல்லாரும் வழுக்குகிற படிதான்.
அரபு எண்ணில் சைபர் வெறும் ஒரு புள்ளி,
தூசி என்று தட்டிவிட்டுப் போகலாம்.
அப்புறம்தான் கவனித்தேன்,
முதல் மூன்று சோதனைகளிலும் முதல் அறையில் சைபர்.
அவற்றை எழுதியவள் நான்.

கூப்பிட்டு, திரையில் விரல் வைத்தேன்.
"அண்ணாச்சி, அணி சைபர்ல தொடங்கும். மறந்துட்டீங்க."

"மறக்கலை மிஸ்.
சைபர் வெள்ளிக்கிழமைன்னு
நீங்கதான் போர்டுல படம் போட்டீங்க.
வெள்ளிக்கிழமை பார்த்த வேலை எங்க சிலிப்புல ஏறாது.
சிலிப்பு எப்படிக் கூட்டுமோ
அப்படியே கூட்டியிருக்கேன்.
நாலு வருசத்துக்குப் போட்டுப் பார்த்தேன்,
ஒரு மாசம்கூடத் தப்பலை."

வாளி நிறைகிறபோது
சொட்டும் சத்தம் மாறும்.
மாறியது.

மதிப்பீட்டுத் தாளில் மூன்று கட்டம்:
தெளிவு, தர்க்கம், எல்லை.
பிழை வேறிடத்தில் என்றொரு கட்டம் இல்லை.
எல்லைக்கு நேரே சைபர் போட்டேன், மூன்றுக்கு.
போட்டபின் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வட்டம் சரியாக மூடவில்லை.

அவர் வாதாடவில்லை.
"ஒண்ணை சைபராக்கினா போதுமா?"
"போதும்."
ஒற்றை விரலால் ஒரு தட்டு.
நான்கும் பச்சை. இருபத்தாறு.

சட்டைப் பையிலிருந்து
கசங்கிய ஒரு குறிப்பேட்டை எடுத்தார்.
தேதி, மணி, தேதி, மணி.
அத்தனையும் வெள்ளிக்கிழமைகள்.
"பழசையும் போட்டுப் பார்க்கலாமா மிஸ்?"

வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.
குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன்.
திரும்பி வரும்போது
பதினோரு வாரம் ஏறியிருந்தது,
கீழே முகாம் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது,
அவர் எழுந்திருக்கவில்லை.

இன்னும் ஏழு விடைகள் பாக்கி.
இருபத்தைந்தாவதைத் திறந்தேன்.
இதுவும் ஒன்றில் தொடங்குகிறது.
பார்த்து எழுதியதா, மறந்ததா,
இல்லை இவனும் அதே கம்பெனியா?
சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு
பெயரைப் பார்த்தேன்.
"எசக்கிராஜ் யாரு?
போயிட்டாரா, இருக்காரா?"