கடி

விடியற்காலை நாலரைக்கு
ஐஸ் லொறியைப் பின்னால் எடுத்தபோது
சூடை அடியில் இருந்திருக்கிறது.
சாகவில்லை. ஓடவும் இல்லை.
கீழ்த்தாடை நடுவில் பிளந்து
இரண்டு பாதியும்
வேறு வேறு சொல் சொல்வதுபோல் ஆடின.

எமிலியன் அதை
மீன்பெட்டி மூடியில் கிடத்தி
சாரத்தால் போர்த்திக்கொண்டு
திருக்கடலூரிலிருந்து சைக்கிளில் வந்தார்,
மிருக வைத்தியரிடம் அல்ல, என்னிடம்.
"நீ பல்லுக் கட்டுற பிள்ளைதானே."

நான் கட்டுவது மனிதர்க்கு.
என்.சி. வீதியில், மருந்துக்கடைக்கு மேலே,
ஒரு மின்விசிறி, ஒரு மாக்கிண்ணம்,
பெயர் எழுதிய முப்பது வாய்கள் இறாக்கையில்.
அவற்றில் ஒன்று எமிலியனுடையது.
போன வருஷம் அச்சுக் கொடுத்தவர்
பல்லை எடுக்க வரவேயில்லை.
மேலும் கீழும் சந்திக்காத அச்சு;
இடது பக்கம் அரை விரல் விலகி
கேட்பாரில்லாமல் தானே ஒட்டிக்கொண்ட எலும்பு.
எப்போது என்று நான் கேட்கவில்லை.
இந்த ஊரில் சில வருஷங்களை
யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

டொக்டர் சமுத்ரிகாவிடம் கம்பி இருந்தது,
மாட்டுக்குப் போதுமான தடிப்பில்.
நான் ஓடிப்போய்
என் மெல்லிய கம்பிச் சுருளைக் கொண்டுவந்தேன்.
பூனை கண் மூடாமல் மயங்கும் என்று
அன்றுதான் அறிந்தேன்.
காய்ந்துபோகாதிருக்க அந்தக் கண்களுக்குக் களிம்பு.

நாடிக்குக் கீழே ஒரு சிறு கீறல்.
ஊசியே குழாய், அதனுள்ளே கம்பி;
ஒரு பக்கம் ஏறி
கோரைப்பற்களின் பின்னால் வளைந்து
மறுபக்கம் இறங்கி
நாடிக்கடியில் முறுக்கு.
ஒன்று. இரண்டு. இரண்டரை.
"போதும் மிஸ்" என்றது என் தொழில்,
நான் வாய் திறக்கும் முன்பே.
"இன்னும் இறுக்கினா பல்லு உள்ளுக்குச் சாயும்."
கீழ்க் கோரை
மேல் கோரைக்கு முன்னால் வந்து குந்தவேண்டும்,
படகு படகை உரசாமல் ஒதுங்குவதுபோல்.
மூடிப் பார்த்தோம். திறந்து,
மறுபடியும் மூடிப் பார்த்தோம்.

வாய்க்கு ஓய்வு. அதனால் கழுத்தில் ஒரு குழாய்.
டொக்டர் சிங்களத்தில் எழுதியதன் கீழே
நான் தமிழில் எழுதினேன்:
நாளைக்கு ஐந்து தரம்.
அரைத்து, வடித்து, உடம்புச் சூட்டில்.
அவசரப்படாதே. முடிவில் தண்ணீர் விடு,
இல்லாவிட்டால் குழாய் அடைக்கும்.
வலி மருந்து சொன்ன அளவுக்கு மேல்
ஒரு துளியும் கூடாது,
மனிதக் குளிசை கூடவே கூடாது.

ஐஸ் வாடிக்குள் மண்ணெண்ணெய் அடுப்பில்
பாரைமீன் அவித்து
முள் எடுக்க ஒரு மணித்தியாலம்,
ஊட்டப் பத்து நிமிஷம்.
மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள்:
"கடன்காரனுக்குக் காசில்ல, பூனைக்குப் பாரை."
ஒன்பதாம் நாள் கட்டைப் பிய்த்தது.
பன்னிரண்டில் சீழ் மணந்தது, கழுவினோம்.
பதினாறாம் நாள் இரவு போன் வந்தது.
பின்னால் கடல். அவர் குரல். ஒரே சொல்.
"நக்கிச்சு."

ஆறு கிழமையில் படம் எடுத்துப் பார்த்து,
அரை மயக்கத்தில் கம்பியை வெட்டினார் டொக்டர்.
இழுத்ததும் வந்தது,
மோதிரம் மறந்த விரலிலிருந்து வருவதுபோல் இலேசாக.
அந்த நேரம் பார்த்துச் சூடை விழித்து
அவர் பெருவிரலைக் கவ்வியது.

கத்தினார். பிறகு
கையை என்னிடம் நீட்டினார்.
மேலே இரண்டு, கீழே இரண்டு:
நாலு சிவப்புப் புள்ளி, வரிசை பிசகாமல்.
என் வாழ்நாளில் நான் எடுத்த எந்த அச்சும்
இவ்வளவு சுத்தமாய் விழுந்ததில்லை.

எமிலியன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்,
டொக்டர் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கழுவி
ஊசி போட்டுக்கொள்ளப் போகும்வரை.

வெளியே, பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டே,
கயிற்றைப் பார்த்துக் கேட்டார்:
"என்ட வாய்
இன்னும் உன்னட்டக் கிடக்கா?"