நாலு நொடி

கீழக்கரையில், வெளிநாட்டுச் சாமான்
பழசு வாங்கி விற்கிற கடையில்
ஆயிரத்து முந்நூறு சொன்னதை
ஆயிரத்து நூறுக்குப் பேசி வாங்கினேன்.
சோப்பு டப்பா மாதிரி மூடித் திறக்கிற பெட்டி.
உள்ளே இரண்டு திரை, ஒன்றில் கீறல்.
ஆல்ட்ரின் அரைமணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டுத்
திருப்பித் தந்தான்:
"யாரையும் சுட முடியல. யாரும் சாகல.
பாயிண்டும் ஏறல.
இது கேமே இல்லம்மா."

அப்புறம் அது என்னுடையதாயிற்று.

எழுத்தெல்லாம் ஜப்பான்.
பச்சைத் தண்ணீரில்
கூனிப்பொடி போல ஏதோ மிதக்கும்.
கோடு கிழித்தால் கோட்டின் மேலேயே நீந்தும்,
மேலே கிழித்தால் கீச்சுக்குரல்,
கீழே கிழித்தால் வயிற்றுக்குள்ளிருந்து வரும் குரல்.
நான்கு பக்கமும் அம்புக்குறி.
நான் வைத்த பெயர்
வாடை, சோழகம், கொண்டல், கச்சான்.
கச்சானில் திருப்பிவிட்டால்
அத்தனையும் ஓரத்தில் மோதி
வெண்கலக் கிண்ணம் படியில் உருண்ட மாதிரி.

குச்சி தொலைந்து வந்த பெட்டி அது.
என் விரலோ
பகலெல்லாம் வெந்த நண்டு உடைத்துத் தேய்ந்தது;
ரேஷன் கடை மிஷின்
மூன்று தடவை வைத்தாலும் என்னை நம்பாது.
நண்டுக்கால் நுனியால் தொட்டேன்.
உடனே பாடியது.

ஒரு ராத்திரி நன்றாக அமைந்துவிட்டது.
இதை எடுத்து வைப்பது எப்படியென்று
எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன்.
வழியே இல்லை.
மூடினால் போயிற்று.
மறுநாள் திறந்தால் புதுத் தண்ணீர்.

ஒரே ஒரு மீன் மட்டும் கேட்டதைப் பிடித்துக்கொள்ளும்.
நாலு நொடி. அதற்கு மேல் வாய் கொள்ளாது.

மண்டபத்தில் எங்கள் ஷெட்டில் பதினோரு பேர்.
டீ நேரத்தில் பெட்டியை மேசையில் திறந்து வைத்தேன்.
அந்தப் பக்கம் பூமிநாதன்
தராசுத் தட்டைப் பார்த்துக் கத்தினான்:
"எழுநூத்தி நாப்பது.
தண்ணிக்கு நாப்பது போக எழுநூறு."
மீன் விழுங்கிற்று.
சின்னப் பிள்ளை குரலில் துப்பிற்று,
கிழவன் குரலில் துப்பிற்று.
தண்ணிக்கு நாப்பது போக
தண்ணிக்கு நாப்பது போக
செய்யதம்மாளுக்கு மூக்கு வழியே டீ வந்தது.
யாரோ ஓடு உடைத்துத் தாளம் போட,
இன்னொருத்தி சேர,
பதினோரு பேர் கையிலும் நண்டுக்கால் ஒரே நேரத்தில் முறிந்தது.
படக்.
நாப்பது போக.
படக்.

அப்போதுதான் நாகஜோதி,
வாயே திறக்காதவள், கேட்டாள்:
"எனக்கு முந்நூறுதான் வந்துச்சு.
எனக்கும் அதே நாப்பதா?"

கை எல்லாம் நின்றது.
மீன் மட்டும் நிறுத்தவில்லை.

பூமிநாதன் வந்து எட்டிப் பார்த்தான்.
"ரெக்கார்டு பண்றீங்களாக்கா?"
"ஆமா" என்றேன்.
சொல்லிக்கொண்டே பெட்டியை மூடினேன்.

மறுநாள் நிறுத்தான்.
தட்டைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான்,
எச்சில் விழுங்கினான்.
"எழுநூத்தி முப்பது."
அவ்வளவுதான் சொன்னான்.
அதற்கடுத்த நாளும் அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் பாதி நாள் அதில் சார்ஜ் இருக்காது.
அந்த முனைக்கு வயர் ராமநாதபுரத்திலும் கிடைக்கவில்லை;
கடைக்காரர் எதையோ வெட்டி ஒட்டித் தந்தது
பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஏறும்.
ஆனாலும் தினமும் கொண்டுபோகிறேன்.
திறந்து, தராசைப் பார்க்கத் திருப்பி,
பக்கத்தில் ஒரு நண்டுக்காலும் வைக்கிறேன்.
அதற்குள் ஒன்றுமே தங்காது என்று
செய்யதம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி
பாம்பன் பாலத்தடியில் போய் நின்று
ரயிலுக்குக் காத்திருந்தேன்.
வந்தது. மெதுவாகத்தான் வந்தது.
நாலு நொடியில்
இரண்டு பெட்டிகூடக் கடக்கவில்லை.
கிடைத்த வரைக்கும் போதுமென்று
மீனிடம் கொடுத்தேன்.
அது அந்த ஒன்றரைப் பெட்டியையே
திரும்பத் திரும்பப் பாலம் ஏற்றிக்கொண்டிருந்தது.