அமத்து, விடு

மூன்று நாளாக எங்களுக்குள் இரண்டே சொற்கள்.
அமத்து. விடு.
தவரூபன் காருக்குள், கட்டுப்பாட்டுப் பெட்டியின் பொத்தானில் பெருவிரல் வைத்தபடி.
நான் ட்ரெய்லருக்குக் கீழே,
கிஸ்வில் ஸ்டேசனுக்குப் பின்னாலுள்ள வாடகைக் கொட்டிலில்,
குளிர்சாதனப்பெட்டி வந்த அட்டையை முதுகுக்கு விரித்து.
சிமெந்தின் ஈரம் அட்டையைக் கேட்டுக்கொண்டா ஏறும்?

சனிக்கிழமை மைரிங்கனில் ஒரு கலியாணம்.
திரும்பும்போது ப்ரூனிக் இறக்கத்தில்
எங்கள் மணவறை எங்களைப் பின்னாலிருந்து தள்ளிற்று.
ஃபைபர் தூண்கள் எட்டு, யானைத்தலை இரண்டு,
நூற்றைம்பது கதிரை, பொன்முலாம் பூசிய இருவர் ஆசனம்.
எல்லாமாய்ச் சேர்ந்து ஒரு வளைவில்
நாங்கள் முந்திப் போகிறோம் என்றன.
கார் பிரேக் கருகும் மணம் உள்ளே வந்தது.
கீழே வந்து நிறுத்தியதும் அவன் சொன்னது:
"நீ கத்தினபடியாத்தான் எனக்குக் கை நடுங்கினது."
நான் கத்தவில்லை.
பிரேக்கைப் பார் என்று ஓகஸ்டில் சொன்னேன்.
அது இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கும்.

ட்ரெய்லர், அல்ப்னாக் பிரிட்ச்கியிடம் வாங்கியது.
டெக்சஸில் குதிரை வளர்த்தவர். கப்பலில் கொண்டுவந்தார்,
குதிரை செத்தபின் விற்றார்.
மழைநாளில் மணவறைப் பட்டில் இன்னும் குதிரை மணக்கும்.
மாப்பிள்ளை மூக்கைச் சுருக்க முந்தி
நாங்கள் சாம்பிராணி போடுவோம்.

அதற்கு மின்சார பிரேக்.
காரிலிருந்து ஒரு நீல வயர்,
சக்கரத்தின் இரும்புத் தொட்டிக்குள் ஒரு காந்தம், என் உள்ளங்கையளவு.
மின் வந்தால், சுழலும் இரும்பை அது பற்றிக்கொள்ளும்.
பற்றியதை நிறுத்தும் பலம் அதற்கு இல்லை.
கூடவே கொஞ்சத் தூரம் இழுபட்டுப் போகும்.
அந்த இழுபாட்டில்தான் ஒரு நெம்பு திரும்பி
பட்டைகள் விரிந்து சக்கரத்தை நெருக்கும்.
இந்தப் பக்கத்தை வாசித்தபோது
தேநீர் ஆறும்வரை கையேட்டை மூடி வைத்திருந்தேன்.

கார் ஒரு பக்கம், ட்ரெய்லர் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டால்
மெல்லிய கம்பியில் கட்டிய முளை கழன்று
பெட்டிக்குள் இருக்கும் பற்றறி தானாகவே பிரேக் பிடிக்கும்.
அதைக் காலையிலேயே பூட்டிவிட்டேன்.
முதல் வேலையாக.

அமத்து.
வலப்பக்கம் மெல்ல இரைந்தது.
இடப்பக்கம் பேச்சு மூச்சில்லை.
விடு.
நீலத்தை வெட்டி, உரித்து, புதிதாய் முறுக்கி,
சுருங்கு குழாய் போட்டு லைற்றரால் காய்ச்சினேன். விரலும் கொஞ்சம்.
அமத்து.
ஆறு அம்பியர் வரவேண்டிய மீட்டரில் மூன்று.
மகனின் சாரணர் திசைகாட்டியைத் தொட்டியருகே பிடித்தேன்:
வலத்தில் ஊசி துள்ளித் திரும்பியது.
இடத்தில், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்ற பிள்ளைபோல் கிடந்தது.

நீலத்தில் பிழை இல்லை. போகிற மின் ஒழுங்காய்ப் போகிறது.
திரும்பி வரத்தான் வழியில்லை.
வெள்ளை வயரை யாரோ
பெயின்றைச் சுரண்டாமல், அதன் மேலேயே வைத்து
ஆணி முறுக்கியிருக்கிறார்கள்.
நட்சத்திரத் தலை ஆணி. பக்கத்தில் நகப்பூச்சின் ஊதாத் துளி.
அந்த ஆணியை எனக்குத் தெரியும்.
போன வருசம் பின்விளக்கு மாற்றியது நான்.

கழற்றினேன். கத்தியால் சுரண்டினேன்.
பச்சைப் பெயின்று, அதன் கீழ் சாம்பல், அதன் கீழ் கறள்,
அதற்கும் கீழே, கடைசியில், வெள்ளி.
துகளெல்லாம் கண்ணுக்குள்.
திரும்ப இறுக்கி, கிறீஸ் தடவி,
அச்சைப் பார்த்துச் சொன்னேன்:
"இது நான் பூட்டினது."

காரிலிருந்து சத்தமில்லை.
ஸ்டேசனில் லூசேர்ன் ரயில் வந்து, நின்று, போனது.
பிறகு:
"விடவோ? விரல் விறைச்சுப் போச்சு."

விடச் சொல்ல மறந்திருக்கிறேன். இவ்வளவு நேரமும்
அமத்தியபடியே இருந்திருக்கிறான்.
இடப்பக்கம் இரைந்துகொண்டிருந்தது.
திசைகாட்டியைக் கொண்டுபோனேன். ஊசி துள்ளியது.
மீட்டரில் ஆறு.

"கொஞ்சம் பொறு" என்றேன்.
பார்க்க வேறொன்றும் இருக்கவில்லை.