இடப்பக்க நாற்காலி

புருவம்தான் குறி.
தலையசைப்பார் என்று நினைப்பீர்கள், இல்லை.
இடது புருவம் ஒரு நெல்லளவு ஏறும்.
நான் எழுவேன்,
தாளின் மேல்முனையை இரு விரலால் பற்றிக்
காத்திருப்பேன்,
கைநிழல் சுரங்கள்மேல் விழாமல்.
திருப்பியதும் அமர்வேன்,
நாற்காலிக்கே தெரியாமல்.

பகலில் லியெபாயா துறைமுகத்தில் கணக்கெழுத்து.
மாலையில் மிர்ட்ஸா கல்னாரேயின்
தாள் திருப்புகிறவன்.
வாசனை பூசக் கூடாது. வெங்காயம் கூடாது.
கிறீச்சிட்ட என் காலணியை ஒருமுறை
ஜன்னல் வழியே எறிந்தார்,
ரீகாவில், மூன்றாம் மாடியிலிருந்து.
வெறும் காலுறையோடு மேடை ஏறினேன்.
ஒருவரும் கவனிக்கவில்லை.
சரியாகச் செய்தால்
நான் அங்கே இருந்ததே இல்லை.

ஐம்பத்தாறு வயதுவரை
அவருக்கு என்னைப் போல் ஒருவன் தேவைப்படவில்லை.
நாற்பதாண்டு மனப்பாடம்.
பின்லாந்தில் ஒரு நவம்பர் இரவு,
மெதுவான பகுதியின் நடுவே,
மின்சாரம் போன டிராம் போல்
கைகள் நின்றன.
நான்கு நொடி என்றார்கள் மறுநாள், ஆறுதலுக்கு.
பத்தொன்பது என்றார் அவர்.
"எண்ணினேன். மௌனத்தை எண்ணத்தானே
முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள்."
தொடக்கத்திலிருந்து வாசித்து, முடித்து, வணங்கி,
விடுதிக்குப் போய்
காலுறை துவைத்திருக்கிறார்.

மற்றதெல்லாம் ரயிலில் கேட்டது, துண்டு துண்டாக.
மடியில் ஒரு பலகை இருக்கும்,
கட்டைகள் வரைந்த வெறும் பலகை.
விரல்கள் அதில் ஓட
வாய் வேறெங்கோ பேசும்.

அம்மா மீன் டப்பா ஆலையில்.
வீட்டில் பியானோ இல்லை.
கீழ்வீட்டுக் கப்பல் மெக்கானிக்கிடம் இருந்தது.
அவர் கடலில் இருந்தால் எவ்வளவும் வாசிக்கலாம்.
கரையில் இருந்தால் குடித்துவிட்டுத் தூங்குவார்,
பக்கத்து அறையில், கதவில்லாத அறையில்.
அப்போது கட்டையை அழுத்த வேண்டும்,
சுத்தி கம்பியைத் தொட வேண்டும்,
தொட்டது அவருக்குத் தெரியக் கூடாது.

வியன்னாவில் ஒரு விமர்சகர் எழுதினார்,
இந்த மென்மை நிலவொளி என்று.
"நிலவொளியாம்!"
ரயில் குலுங்கச் சிரித்தார்.
"அது, ஃப்ரிட்ஸிஸ் முழித்துக்கொள்வான் என்கிற பயம்."

போட்டியில் இரண்டாம் பரிசு.
முதல் பரிசுக்காரர் இப்போது மர வியாபாரம்,
புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை வரும்.
திருமணம் ஒன்று, இரண்டு குளிர்காலம்.
"மாலையில் அவருக்கு வானொலி கேட்க வேண்டும்."
அவ்வளவுதான் சொன்னார்.
பனிச்சறுக்கு இல்லை, பெட்டி தூக்குவதில்லை,
ரொட்டி அறுப்பதுகூட இல்லை;
மேசையின் கத்திகளெல்லாம்
என் பக்கம் நகர்ந்துவரும்.
கைகளைக் காப்பீடு செய்யச் சொன்னார்களாம்.
"முதுகைச் செய்யுங்கள், வலிப்பது அது."

போன மார்ச்சில், எங்கள் ஊரிலேயே,
இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன்.
ஈரக்காற்றில் ஒட்டியிருந்தன.
அல்லது, கட்டைவிரலுக்கும் வயதாகிறது.
எனக்குக் காது அடைத்தது.
அவரோ போய்க்கொண்டே இருந்தார்,
காணாமல்போன பக்கத்தின் வழியே,
இருட்டில் சொந்த வீட்டுப் படி இறங்குவது போல,
ஒரு சுரம் சிந்தாமல்.
நடுங்கும் கையால் தாளைப் பிரித்து
நான் சரிசெய்து முடித்தபோது
அதன் கடைசி வரிக்கு வந்துவிட்டிருந்தார்.
புருவம் ஏறியது.
திருப்பினேன்.

டாக்சியில் கேட்டேன்:
எல்லாம் நினைவிருக்கிறதே, பின் எதற்கு நான்?
கண்ணாடியில் மழையா பனியா என்று
தீர்மானிக்காத ஒன்று.
கையுறையை விரல் விரலாக இழுத்துவிட்டார்,
சுண்டுவிரல் கடைசி.

"அந்த மேடைக்கு இடப்பக்கம் கதவு.
காற்று வருகிறது," என்றார்.
"நீ உட்கார்ந்தால் வருவதில்லை."