கைமாற்று

ஒன்றுவிட்டு ஒரு வெள்ளி, மாலை நாலே முக்கால்,
வங்கியின் இரண்டாம் வண்டித்தடத்தில் வந்து நிற்பாள்
மார்லிஸ் ட்வைட்.
முன்விளக்கு ஒன்று எரியாத பச்சைக் கார்.
குளிர்காலத் துலூத்தில் அதற்குள் இருட்டிவிடும்.
ஏரிக்காற்று
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும்
என் காதையும் கடிக்கும்.

ஒலிபெருக்கியில் அவள் குரல்
கையால் மூடிய வாயிலிருந்து வரும்:
"இருபதில் ஒன்பது. பத்தில் பதினொன்று.
ஐந்தில் எட்டு. மீதி ஒற்றை ஒற்றையாக."
எண்கள் குழைந்துபோயிருக்கும்.
எப்போதும் ஒருமுறை திருப்பிக் கேட்பேன்.

காற்றுக்குழாயில் உருளையைப் போடுவேன்.
உஸ்ஸென்று தலைக்கு மேல் ஓடி
அவள் ஜன்னலோரம் விழும்.
சம்பளம் பறந்துபோகிறது என்று எல்லோரும் சொல்வார்கள்,
நான் அதைத் தினமும் கண்ணால் பார்ப்பவன்.

உடனே போகமாட்டாள்.
பனியை ஒதுக்கிக் குவித்த மேட்டருகே நிறுத்தி
ஸ்டீயரிங் மேல் உறைகளைப் பரப்புவாள்.
எங்கள் வங்கி உறைகள்தான், இலவசம்.
எச்சில் தொட்டு எண்ணுவாள், மறுபடி எண்ணுவாள்.
முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை,
காசோலையில் இருக்கிறது.
நாளெல்லாம் விரிப்பு மடிக்கும் கை
நோட்டையும் அப்படித்தான் ஓரம் சேர்த்து மடிக்கும்.

ஒருமுறை கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றேன்.
மளிகை உறைக்குள் எட்டிப் பார்த்தாள்,
பாலாடைக்கட்டியைத் தள்ளிவைத்தாள்.
பில்லைத் திருத்தும்வரை
பெருமூச்சு விட்டவன் நான்தான்.

ஜனவரியில் ஒருநாள்
காசோலையோடு ஓர் உறையும்
உருளைக்குள் சேர்ந்து வந்துவிட்டது.
தடித்த பேனாவில்: பல்.
உள்ளே பணம் இல்லை. சீட்டுகள்.

பல்லிடம் டயர் வாங்கியது நாற்பது.
பல்லிடம் மளிகை ஆறு. ஆர்லோவுக்குக் காய்ச்சல், ஆரஞ்சு.
பல்லிடம் கணப்பு எண்ணெய் எழுபது. மார்ச்சுக்குள்.
பல்லிடம் பரிசு பன்னிரண்டு. தேவையே இல்லை. தெரியும்.

எல்லாவற்றிலும் தேதி, கையெழுத்து.
வட்டி மட்டும் இல்லை.
கொடுத்தவளும் அவள், வாங்கியவளும் அவள்,
வாசலில் வந்து நின்று கேட்கப்போகிறவளும் அவள்.
வாயைக் கட்டிச் சேர்த்த பணம்
வாய்க்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

படிக்கக்கூடாதுதான்.
பதினாறு வருஷம் இந்த நாற்காலியில் இருந்தவனுக்கு
அது தெரியாதா?
உருளையில் வைத்துத் திருப்பி அனுப்பினேன்.
ஒலிபெருக்கியில் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு, "பார்த்தீர்களா?"
"இல்லை."
"நல்லது" என்றாள். "மோசமான வங்கி அது."

என் பர்ஸில் நாலு அட்டைகள்.
எதில் எவ்வளவு பாக்கி என்று கேட்டால்
ஊராரின் இருப்பைச் சதம் பிசகாமல் சொல்லும் நான்
வானிலை பற்றிப் பேசுவேன்.
அன்றிரவு ஓர் உறை கொண்டுவந்தேன்.
பேனாவைத் திறந்தபின்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
வெறும் உறையில் ஓர் இருபது போட்டேன்.
ஞாயிறன்று ஹாக்கி ஆட்டம், பீட்சா.
திங்கள் காலை உறைக்குள்
எண்ணெய்க் கறையோடு ஒரு ரசீது.
சீட்டு எழுதலாமென்றால்
யாரிடம் வாங்கினேன் என்று எழுத?

பிப்ரவரியில் இருபதுகளைக் குறைத்து
ஒற்றைகளைக் கூட்டினாள்.
மார்ச்சில் ஒரு வெள்ளி வரவே இல்லை.
நான் இரண்டாம் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில்
ஒரு கிழவருக்கு ஐந்து டாலர் அதிகம் கொடுத்துவிட்டேன்,
திருப்பி அனுப்பினார்.

ஏரியில் பனி உடைந்து
முதல் சரக்குக் கப்பலுக்குப் பாலம் தூக்கிய வாரம்
பச்சைக் கார் வந்தது.
முன்விளக்கு இன்னும் ஒன்றுதான்.

"இருபதில் ஒன்பது. பத்தில் பதினொன்று.
ஐந்தில் எட்டு. மீதி ஒற்றை ஒற்றையாக."

திருப்பிக் கேட்க வாயெடுத்தேன்.
தேவைப்படவில்லை.
அவளுடைய இரண்டு கைகளும்
ஸ்டீயரிங்கில் இருந்தன.